அளக்காத சரிவு

அவருடன் காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் தள்ளி நிற்கப் பழக வேண்டும். மண்ணில் பாதி இறக்கிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். அதன்மேல் மூடியை வைத்ததும், மண்ணிலிருந்து கிளம்பி வரும் கரியமில வாயுவைக் கருவி எண்ணத் தொடங்கும். பக்கத்தில் ஒருவன் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், திரையில் கோடு துள்ளிவிடும். அதனால் காற்றின் திசை பார்த்து, எங்கள் மூச்சு வளையத்தின் பக்கம் போகாத இடமாகப் போய் நிற்போம். அவர் மட்டும் மூடியை வைத்துவிட்டு, மூச்சை அடக்கியபடி குனிந்தே பின்னுக்கு நகர்ந்து வருவார். தூங்கிய குழந்தையை இறக்கிப் போட்டுவிட்டு வருகிற தாயைப் போல இருக்கும். அது குழந்தை அல்ல என்பதுதான் எனக்குப் போகப்போகப் புரிந்தது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும், இது தன்னைப் பற்றியதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பார். நான் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, காட்டை நாம் நடத்தும் விதம் மண்ணுக்குள் இருக்கும் கரிமத்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள். கொலோனில் பிறந்து வளர்ந்தவர். தமிழை வீட்டிலும் சனிக்கிழமைப் பள்ளியிலும் கற்றவர். நான் ராமநாதபுரத்துக்காரன் என்று தெரிந்ததும் ஜெர்மன் பேச்சை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார். மரியாதையை மட்டும் விடவில்லை. 'வாங்கோ, இருங்கோ' என்றுதான் கடைசி வரைக்கும்.

நிச்சயமில்லாத ஒன்றை அவர் சொல்லமாட்டார். இதைக் கேட்டால் நல்ல குணம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தோன்றும். சந்தியில் இரண்டு பக்கமும் சாலை வெறுமையாகக் கிடக்கும். பின்னால் நிற்பவர் ஒலியெழுப்புவார். 'ஏதோ வாற மாதிரிக் கிடக்கு' என்று அவர் இன்னொரு முறை இடப்பக்கம் பார்ப்பார். நான் சமைத்துக் கொண்டுபோன மீன்குழம்பில் உப்பு சரியா என்று ஒருநாள் கேட்டேன். நாளைக்குச் சொல்லுறன் என்றார். மறுநாள் மிச்சத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, 'சரியாத்தான் இருந்த மாதிரி' என்றார். மாதிரி, போல, கிடக்கு. அவருடைய பேச்சில் ஒரு வாக்கியமும் முழுதாகக் காலூன்றி நின்று நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் அதை வைத்துச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் வேலை நடந்தது ஒடன்வால்டு மலைக்காட்டில், ஒரு சிறிய ஊருக்கு மேலே இருந்த சரிவில். ஊருக்குச் சொந்தமான காடு. சரிவு முழுக்க ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள். தொடர்ந்து வந்த வறட்சியிலும் அதைப் பின்தொடர்ந்து வந்த, மரப்பட்டையைத் துளைத்துத் தின்னும் பட்டைவண்டாலும் எல்லாம் செத்து நின்றன. செத்த மரம் விழாது. வெள்ளிச் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டே இருக்கும். பட்டை மட்டும் பெரிய பெரிய பாளங்களாகக் கழன்று விழும். பேசிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒன்று தட்டென்று விழும், எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். பறவைச் சத்தம் கிடையாது. வண்டு தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்விட்டது.

அந்தச் சரிவை என்ன செய்வது என்பதுதான் ஊரில் பேச்சாக இருந்தது. ஊர் மன்றத்தில் பெரும்பாலோருக்கு எல்லாவற்றையும் வெட்டியெடுத்துவிட வேண்டும். கட்டைகளையும் கிளைகளையும் அரைத்து மேல்மண்ணோடு கலந்துவிடுகிற யந்திரத்தை விட்டுத் தரையைச் சுத்தமாக்கி, வரிசையாகப் புதுக்கன்று நட வேண்டும். அவர்கள் சொன்ன காரணத்தையும் தள்ளிவிட முடியாது. சரிவின் அடியில் பள்ளிப் பிள்ளைகள் போகும் பாதை இருந்தது. அந்தக் காட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட வன அலுவலர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், வேறு மாதிரி நினைத்தார். பாதையோரம் நிற்கும் மரங்களை மட்டும் வெட்டலாம், மற்றதைச் செத்தபடியே நிற்கவிடலாம் என்பது அவர் எண்ணம். நிற்கிற பிணமும் நிழல் தரும், அந்த நிழலில் பிர்ச் மரமும் மற்றதும் தானாக முளைக்கும் என்பார். அதற்கு ஆதரவாக ஆய்வுத் தலைவரிடமிருந்து ஒரு உறுதியான வார்த்தை அவருக்கு வேண்டியிருந்தது. அந்த வார்த்தைக்காக அவர் ஒவ்வொரு முறையும் எங்கள் வண்டியைத் தேடி மலையேறி வந்தார்.

காடு என்றால் எல்லோரும் மரத்தைத்தான் பார்க்கிறார்கள். பல காடுகளில் மரத்துக்குள் இருப்பதற்குக் குறையாத கரிமம் காலடி மண்ணில் இருக்கிறது. ஊசியிலை விழுந்து, பாதி மக்கி, அதன்மேல் இன்னும் விழுந்து, மெத்தை மாதிரி ஓர் அடுக்கு. குளிர்ச்சியும் நிழலும்தான் அதற்குப் பூட்டு. நிழல் போய் வெயில் இறங்கினால் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பசி கிளம்பும். மெத்தையைத் தின்னும், தின்றது வாயுவாக மேலே போகும். கலக்கிவிட்டால் இன்னும் வேகமாகத் தின்னும்.

எனக்கு இது பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் போல இருந்தது. எங்கள் வீட்டில் கரிமூட்டம்தான் பிழைப்பு. சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்து மூடுவார்கள். மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் உள்ளே கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். அப்போது வெளியே நீலமாக ஒரு கோட்டுப் புகை தெரியும். எங்கள் ஜெர்மன் சரிவில் அந்தப் புகையும் கிடையாது. தரை அப்படியேதான் இருக்கும். அதற்குள் ஒரு மூட்டம் எரிந்துகொண்டிருக்கும்.

சரிவை ஒட்டித் தனியார் நிலம் ஒரு துண்டு இருந்தது. உரிமையாளர் நாங்கள் வருவதற்கு முன்பே அதை மொட்டையாக வெட்டி, யந்திரம் விட்டு அரைத்திருந்தார். கோடையில் அதற்குள் கால் வைத்தால் செருப்பையும் தாண்டிச் சூடு ஏறும். மேலே இருந்த மெத்தை கையில் எடுத்தால் தூளாகக் கொட்டியது. அங்கே மூடியை வைத்தபோது திரையில் கோடு ஏறிய விதத்தைப் பார்த்து நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையை மண்ணுக்குள் செருகி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் பார்ப்பதைப் போல.

இதைச் சொன்னால் போதுமே அக்கா, பக்கத்துப் பக்கத்து நிலம், ஒன்று நிழல், ஒன்று வெயில் என்றேன். அவர் கையை எடுத்துத் தட்டினார். இந்தத் துண்டு வெட்டுவதற்கு முன்பே வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்றார். முன்பே மெல்லிய மண்ணாக இருந்திருக்கலாம். எப்போதோ மாடு மேய்ந்த இடமாக இருக்கலாம். ஒரு அடி தள்ளிக் குத்தினாலே வேறு மண் வருகிற காடு இது. முன்பு அளக்காத இடத்தைப் பற்றி என்னென்று சொல்வது? ஆய்வு முறைப்படி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

மரத்தடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க இடம் தேடி, ஒரு செத்த மரத்தின் அடியைக் காட்டி, இங்கே உட்காரலாமா என்று கேட்டேன். அவர் மேலே நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். 'தெரியேல்லை' என்றார். நான் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் என் தொடை தடிமனில் ஒரு கிளை இறங்கி, என் பைக்குப் பக்கத்தில் நுனியால் குத்தி நின்றது. எழுந்து ஓடிவந்து அவர் முன்னால் நின்றேன். அவர் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் வைத்தார்.

"தெரியலைன்னு சொன்னீங்களே அக்கா."

"ஓம். பயமில்லை எண்டு நான் சொல்லேல்லையே, தம்பி."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெரியாது என்றதை நான் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அப்படித்தான் சொல்வாரா?

கொலோனில் அவருடைய அம்மா வீட்டுக்கு ஒருமுறை போனேன். ஏதோ பூசைக்கு அழைத்திருந்தார்கள். அம்மா வாயாடி. மகளை வைத்துக்கொண்டே மகளைக் கிண்டல் செய்தார். கலியாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றாளாம். பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. அக்கா சிரித்தபடி எழுந்து சமையலறைக்குள் போனார். அவர் போனதும் அம்மா குரலைத் தணித்தார்.

அவர்கள் அகதி விடுதியில் இருந்த காலத்தில், ஜெர்மன் தெரிந்த ஆள் என்று அங்கே இருந்தது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த இந்தச் சிறுமிதான். ஆருக்கு எந்த அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்திருந்தாலும் இவளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். பக்கத்து அறையில் ஒரு மனிதர் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்ப விசாரணைக்கும் இவள்தான் துணை. ஊரை விட்டு எப்போது வெளிக்கிட்டீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அவர் மாரிமழைக்குள்ளே என்றிருக்கிறார். எந்த மாதம் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவள் அவரைத் திரும்பிக் கேட்காமல் தானே ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்து மழையை அவள் எங்கே கண்டாள்? கொலோனில் எப்போது மழையோ அந்த மாதத்தைச் சொன்னாள். நிச்சயமா என்று கேட்டதற்கும் நிச்சயம் என்றிருக்கிறாள். அந்த மாதமும் அவருடைய மற்றப் பேச்சும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒருநாள் அறை வெறுமையாக இருந்தது.

"அதாலைதானோ எண்டு ஆருக்குத் தெரியும், மகன்," என்றார் அம்மா. "வேறை காரணமும் இருந்திருக்கும். அந்த மனுசன் எங்கை போனவர் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இவளிட்டை மட்டும் அந்தக் கதை கதைச்சுப்போடாதேங்கோ."

அவரிடம் அதைப் பற்றி நான் கேட்டதேயில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் 'தெரியேல்லை' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு காலி அறை என் கண்ணில் வந்து நின்றது.

ஊர் மன்றக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் நடந்தது. வசந்தகால மாலை, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது; சன்னல் வழியாகச் சரிவு முழுதாகத் தெரிந்தது, சாம்பல் நிறத்தில். வன அலுவலர் தன் பங்கைச் சுருக்கமாகப் பேசிவிட்டு அக்காவைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா படங்களைக் காட்டினார். நிழலில் இவ்வளவு, வெட்டிய துண்டில் இவ்வளவு. கூட்டம் முன்னுக்குச் சாய்ந்து கேட்டது. ஒரு நிமிடம் நான் நம்பிவிட்டேன்.

ஒரு விவசாயி கை தூக்கினார். கெட்ட மனிதர் அல்ல, நன்றாகக் கவனித்துக் கேட்டவர்தான். அந்தத் தனியார் துண்டு வெட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்றார்.

நாங்கள் அளக்கவில்லை என்றார் அக்கா.

அப்படியென்றால் வெட்டினதால்தான் இப்படி ஆனது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

வன அலுவலர் தன் தொப்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அந்த விவசாயியைப் பார்த்தார்.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது," என்றார் ஜெர்மனில். எந்த 'போல'வும் இல்லாமல் அவர் ஒரு முடிவைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

நான் எழுந்துவிட்டேன். என் ஜெர்மன் உடைந்த ஜெர்மன். பொறுத்திருந்தால் பெரிய இழப்பு இல்லை, வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். பலர் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஆய்வுத் தலைவரான உங்கள் கருத்தும் இதுதானா என்று மன்றத்தை நடத்திய அம்மையார் அக்காவிடம் கேட்டார். இது இவருடைய கருத்து, அளந்து பார்த்த விஷயம் அல்ல என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. பிறகு ஒரு இளம் தாய் பள்ளிப் பாதையைப் பற்றிப் பேசினார். கைகள் உயர்ந்தன. வெட்டுவதற்குத்தான் கூடுதல் கைகள்.

திரும்பும் வழியில் பேச்சை அவர்தான் தொடங்கினார்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ, தம்பி?"

"பொய் இல்லக்கா. தெரிஞ்ச வரைக்கும் இதுதான்னு சொல்லியிருக்கலாமே. எங்கப்பா மூட்டத்தைப் பிரிக்கிறப்ப நிச்சயம் தெரிஞ்சா பிரிக்கிறாரு? புகையைப் பார்த்து ஒரு முடிவு எடுப்பாரு. தப்பாவும் போயிருக்கு, முழு மூட்டமும் சாம்பலா. ஆனா யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

"தெரிஞ்ச வரைக்கும் எண்டு தொடங்கினா, ஆக்கள் அந்த முதல் சொல்லை அங்கையே விட்டிட்டு மிச்சத்தை மட்டும் வீட்டை கொண்டுபோவினம்."

"தெரியாதுன்னு சொன்னாலும் கொண்டுபோறாங்களே அக்கா. ஒண்ணுமில்லைன்னு கொண்டுபோறாங்க."

சந்தி வந்தது. வண்டியை நிறுத்தினார். சாலை இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. அன்று பின்னால் யாரும் வரவில்லை. ஒலியெழுப்பவும் ஆளில்லை. நாங்கள் அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை.

யந்திரம் வருவதற்கு முன்தினம் வரைக்கும் அவர் சரிவில் அளந்தார். வளையங்கள் இருந்த இடங்களில் அடையாளக் கம்பி அடித்து, யந்திரம் ஓட்டுகிறவரிடம் போய், இதை நீங்கள் தவிர்த்து ஓட்டக்கூடாது, மற்ற இடத்தை எப்படி அரைப்பீர்களோ அப்படியே இதன் மேலும் ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஓட்டுகிறவர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். காட்டைக் காப்பாற்ற வந்தவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வேலை சீக்கிரம் முடிந்தது. சாம்பல் நிறம் இருந்த இடத்தில் ஆகாயம் இருந்தது. அரைத்த மரத்தின் வாசம் சில நாள் ஊர்வரைக்கும் இறங்கியது. நல்ல வாசம், ஊர்க்காரர்கள் சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். மண்வாசம் அதற்குப் பிறகு வந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்தக் கோடையில் நாங்கள் வளையங்களைத் திரும்ப இறக்கி மூடியை வைத்தோம். நிற்க நிழல் கிடையாது. ஒவ்வொரு முறையும் அவர் குனிந்தபடி பின்னுக்கு நகர்ந்து வருவார். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்ப்போம். கோடு ஏறும். கீழே பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போவது கேட்கும்.

ஒரு கோடை போதாது என்றார். அடுத்த கோடையும் அளந்தோம். மண்ணைக் குழாய் அடித்து எடுத்து, காயவைத்து, சலித்து, எரித்துப் பார்த்தோம். மெத்தை அடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. முடிவுகளை அவர் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். நடப்பட்ட கன்றுகளில் பல அந்தச் சூட்டிலேயே கருகிப்போயிருந்தன. கன்றுக்குக் காவலாக மாட்டிய பிளாஸ்டிக் குழாய்கள் மட்டும் வரிசையாக நின்றன, மயானத்தில் நடுகல் மாதிரி. ஒருநாள் கணினியிலிருந்து நிமிர்ந்து, எங்களைப் பார்த்து, "ஓம்," என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லில் ஒரு பிடிவாதமான மகிழ்ச்சி இருந்தது. அதைக் கேட்டு யாரும் கை தட்டவில்லை.

வன அலுவலர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது நிச்சயம் என்று சொன்னார். மறுமுனையைக் கொஞ்ச நேரம் கேட்டார். நன்றி சொல்லி வைத்தார். என்னக்கா சொன்னார் என்று கேட்டேன்.

"வாழ்த்து எண்டு சொன்னவர்."

அவருக்கு அது வாழ்த்தாகவே கேட்டிருக்கிறது. நான் அப்போதுதான் அவரைப் பார்த்துப் பயந்தேன்.

எங்கள் கட்டுரை வெளிவந்ததும் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வன அலுவலராக இருந்தது ஓர் இளம் பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாதவர். அவருடைய சரிவிலும் அதே மரங்கள், அதே வண்டு. அங்கும் வெட்டுவதாக முடிவாகி யந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நிறுத்திவைக்கும் அதிகாரம் இன்னும் அவர் கையில் இருந்தது. மேலிடத்துக்குக் காட்ட ஆய்வுத் தலைவரின் ஒரு வரி போதும் என்றார். அக்கா உடனே கிளம்பினார். வண்டியில் வளையங்களும் கருவியும் எப்போதும் போல ஏற்றியிருந்தன. போகிற வழியில் நான் லேசான மனதோடு இருந்தேன். இந்த முறை கேள்வி கேட்பவருக்குக் காட்ட எங்கள் கையில் எல்லாம் இருந்தது.

சரிவில் மரங்கள் செத்து நின்றன. அடியில் நிழல் இருந்தது, நடந்தால் கால் மெத்தென்று இறங்கியது. அக்கா குந்தி உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி மோந்தார். விரலுக்கு நடுவே உருட்டினார். அந்தப் பெண் பொறுமையாக நின்று, அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும்தானே என்று கேட்டார்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். இங்கே நாங்கள் அளக்கவில்லை, இது வேறு பாறையின் மேல் இருக்கும் மண், அந்தச் சரிவை வைத்து இந்தச் சரிவைச் சொல்ல முடியாது என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு பட்டைப் பாளம் எங்கோ விழுந்தது. யந்திரம் திங்கட்கிழமை வருகிறது என்றார் அந்தப் பெண், ஒவ்வொரு சொல்லாக, அக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்பதைப் போல.

அக்கா எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டியிருந்த ஊசியிலைகளைத் தட்டினார். சரிவை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு முறை கண்ணால் அளந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"திங்களுக்கு முதல் அளந்து முடிக்க வடிவா நேரம் காணும், தம்பி. வெட்டுக்கு முந்தின அளவு இந்தமுறை முழுசா எங்களிட்டை இருக்கும். அந்தத் தனியார் துண்டிலை அதுதானே எங்களுக்கு இல்லாமல் போனது. இனி ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

தமிழ் தெரியாத அந்தப் பெண் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து நல்ல முடிவுதான் என்று நினைத்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுச் சிரித்தார், அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து வண்டியைக் காட்டினார்.

நான் போய் வளையங்களை இறக்கினேன்.